ரெட்டைப் புள்ளி வைத்த பன்னிரண்டு ஹெட்டுகள்

பழைய கோணிச் சாக்கில் சுற்றி, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து என் வீட்டு வாசலில் அதை இறக்கினார்கள். சாக்கைப் பிரித்தால் உள்ளே வார்ப்பிரும்பில் ஒரு சிலிண்டர் ஹெட். எஞ்சினின் தலைப்பாகம் அது. சிலிண்டருக்கு மூடி போல உட்கார்ந்துகொண்டு, காற்று வரும் வழி, புகை போகும் வழி, சூட்டைத் தணிக்கும் தண்ணீர் ஓடும் வழி என்று எல்லாவற்றையும் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும். கொண்டுவந்தவர் ரேஸ் கோர்ஸ் பக்கம் வசிக்கும் பழைய மில் குடும்பத்துக்காரர், கார்ப் பைத்தியம். அவருடைய பெரியப்பா எந்தக் காலத்திலோ வாங்கிப்போட்ட எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கார் ஒன்று ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்ததாம். உறுமினால் தெருவே திரும்பிப் பார்க்குமாம். அதன் இரண்டு ஹெட்டுகளில் ஒன்று விரிசல் விட்டுவிட, ஊர் ஊராகத் தேடி ஒரு பழைய இரும்புக் கடையில் இதைப் பிடித்திருக்கிறார். "இது அந்த வண்டியோட வருசந்தானுங்களா மேடம்? குறியப் பாத்து நீங்கதான் சொல்லோணுமுங்க" என்றார்.

வார்ப்படத் தொழிலில் ஆய்வுப் பிரிவிலேயே காலத்தை ஓட்டியவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடமாட்டேன் என்கிறார்கள். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்ததும் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. நீளமான எண் ஒன்று. அது எந்த அச்சில் வார்த்தது என்பதைச் சொல்லும். கொஞ்சம் தள்ளி ஜி என்ற எழுத்தும் பதினான்கும் ஒன்பதும். ஜி ஏழாவது எழுத்து, ஆகவே ஜூலை. பதினான்காம் தேதி. ஒன்பது என்பது வருடத்தின் கடைசி இலக்கம். கடைசி இலக்கம் மட்டும்தான் போடுவார்கள். ஐம்பத்தொன்பதா, அறுபத்தொன்பதா என்று இரும்பு சொல்லாது. ஹெட்டின் ஓரத்தில் இருக்கும் மேடுகளின் வடிவத்தையும் அந்த நீள எண்ணையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் கையோடு கொண்டுவந்த புத்தகத்தைப் புரட்டி, எண்ணைத் தேடி, அறுபத்தொன்பது என்று சொன்னேன். மனிதருக்கு மாப்பிள்ளை கிடைத்த சந்தோஷம்.

அத்தோடு விட்டிருக்கலாம். பழக்கதோஷம், டார்ச்சை எடுத்துப் பக்கவாட்டில் இருந்த வட்ட ஓட்டை வழியாக உள்ளே அடித்துப் பார்த்தேன். அது தண்ணீர் அறைக்குப் போகும் ஓட்டை. உள்சுவரில் துருவைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "அங்க ஏதாச்சும் குறி இருக்குங்களா? புத்தகத்துல ஒண்ணும் போடலீங்களே" என்றார் அவர். இல்லை, சும்மாதான் பார்த்தேன் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அவர் போன பிறகு வெகுநேரம் வேலை ஓடவில்லை. அந்த இடத்தில் நான் தேடியதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இருக்காது. எனக்கு அதைப் பற்றித் தெரிந்ததும், அதனால் நான் தலைகுனிந்ததும், கடைசியில் ஒருவருக்குக் கடன்பட்டதும் எல்லாம் தொண்ணூறுகளில், துடியலூரைத் தாண்டிப் பெரியநாயக்கன்பாளையம் போகும் வழியில் இருந்த ஒரு ஃபவுண்டரியில்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது ஆய்வுப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். டிப்ளமோ படித்துவிட்டு இரும்பு உருக்கும் இடத்துக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் அப்பா ஒரு வாரம் பேசவில்லை. வேலை கொடுத்த மேனேஜரும் முழு மனதோடு கொடுக்கவில்லை. "ஒரு வருசம் பாப்போம்மா, சரிப்பட்டா நிரந்தரம்" என்றார். அதனால் நான் சிரிப்பைக்கூட அளந்துதான் சிரித்தேன். யாரும் கேட்காமலே அட்டவணை போடுவேன். எதைச் சொன்னாலும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். அந்த நாட்களில் என்னோடு வேலை பார்த்தவர்களை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

அங்கே ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கு ஹெட் வார்த்தோம். ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடும் அறை வெற்றிடமாக அமைய வேண்டுமென்றால், அந்த அறையின் வடிவத்தில் மணலால் ஒரு பொம்மை செய்து அச்சுக்குள் வைத்துவிட்டு, அதைச் சுற்றி இரும்பை ஊற்ற வேண்டும். இரும்பு இறுகியதும் மணலைத் தட்டி உதிர்த்துவிட்டால் அறை கிடைத்துவிடும். அந்த மணல் பொம்மைக்குப் பெயர் கோர். எண்ணெயும் வெல்லப்பாகும் கலந்த மணலைப் பெட்டியில் இடித்து, தட்டில் கவிழ்த்து, ஓவனில் வேகவைத்து எடுப்பார்கள். அதைச் செய்தது முழுக்கப் பெண்கள், ஆறு பேர். அந்தக் கொட்டகைப் பக்கம் போனாலே பலகாரம் தீய்ந்த மாதிரி ஒரு வாசனை வரும். ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபது கோர் கணக்கு. மாதத்தில் கணக்குக் குறைந்துகொண்டே போனால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

யார் செய்த கோர் என்று தெரிய வேண்டுமே, அதற்காக ஆளுக்கு ஒரு குறி உண்டு. ஓவனுக்குப் போகும் முன் ஈரமணலில் ஓரிடத்தில் குறியைப் போட்டுவிடுவார்கள். மணலில் குழியாக இருப்பது இரும்பில் மேடாக வரும். ஹெட்டின் பக்கவாட்டு ஓட்டை வழியாக டார்ச் அடித்தால் உள்சுவரில் அது தெரியும். பிறகு அந்த ஓட்டைக்குத் தகர மூடி அடித்துவிடுவார்கள். அதற்கப்புறம் எஞ்சின் உடையும்வரை யார் கண்ணிலும் படாது. வெளிப்பக்கம் இருக்கும் எண்ணும் மாதத்துக்கான எழுத்தும் தேதியும் கம்பெனியுடையவை. உள்ளே இருப்பது இந்தப் பெண்களுடையது. ஒருத்தி பெருக்கல் குறி போடுவாள், ஒருத்தி ஒற்றைக் கோடு. ஆறு பேரிலும் மூத்தவரான அக்கா கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பிறை போடுவார். கோபிசெட்டிபாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்த சின்னப் பெண், எல்லோருக்கும் கோபிக்காரி, கொண்டை ஊசியால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி வைப்பாள்.

அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அம்மா பருத்திக் காட்டில் கூலிக்குப் போனவர்; அக்கா தறி, மில், கோர் கொட்டகை என்று ஒவ்வொரு படியாக வந்தவர். கணவர் இல்லை. பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். அக்கா யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெரியவர் சின்னவர் எல்லோரும் 'கண்ணு', என்னை மட்டும் 'அம்மணி'. நான் கையில் பதிவேட்டோடு கொட்டகைக்குள் நுழைந்தால், "பாத்துங்க அம்மணி, எங்க மணலு உங்க சீலையில ஒட்டிக்கிட்டா அதுக்கும் ஒரு அட்டவணை போட்டுருவீங்க" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்குக் கோபமாக வரும்.

அந்த ஆவணி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, செவ்வாயன்று ஊற்றிய ஹெட்டுகளைக் கசிவுச் சோதனைக்கு எடுத்தோம். ஓட்டைகளை அடைத்து, காற்றைச் செலுத்தி, தண்ணீர்த் தொட்டியில் முக்குவோம். குமிழி வந்தால் கசிவு. பத்து ஹெட்டுகளுக்கு மேல் குமிழி விட்டதும் தொட்டி ஆள் என்னைக் கூப்பிட்டார். மொத்தம் பதினான்கு ஒழுகின. இரண்டை உடைத்துப் பார்த்தேன். தண்ணீர் அறைச் சுவரில் ஊசிக்குத்து மாதிரி ஓட்டைகள். கோர் சரியாக வேகாவிட்டால் வரும் குற்றம் அது. மேலே முறுகி உள்ளே மாவாக இருக்கும் பணியாரம் போலத்தான், பார்த்தால் தெரியாது. சுடுஇரும்பு சுற்றிக்கொண்டதும் உள்ளே இருக்கும் ஈரமும் எண்ணெயும் புகையாகி இரும்பைத் துளைத்துக்கொண்டு வெளியேறும்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினான்கில் இரண்டு வேறு வேறு குறி. மீதிப் பன்னிரண்டிலும் இரட்டைப் புள்ளி. எனக்கு உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் ஒரு குதூகலம்தான். குற்றம் என்ன, எந்த நாள், யார் கை, எல்லாம் ஒரே தாளில் அடங்கிவிட்டதே. அழகாகக் கோடு போட்டு, தேதியை ஒரு கட்டத்தில், குறியை ஒரு கட்டத்தில் எழுதி, கடைசியில் கோபிக்காரியின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, மேனேஜர் மேசையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு, "பரவால்லம்மா, சுத்தமா எழுதியிருக்கறே" என்றார். சேர்ந்து எட்டு மாதத்தில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதே மூச்சில், "ஏற்கெனவே கணக்கும் இழுத்துப் பறிச்சுட்டுத்தான் இருக்குது. சனிக்கிழமையோட கணக்க முடிச்சு ஊட்டுக்குத் தாட்டியுட்றலாம்" என்றார்.

கோபிக்காரிக்கு அப்போது ஏழாம் மாதம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. கண் இருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டால் அவளுக்கு ஈ.எஸ்.ஐ.யில் பிரசவம் பார்க்க முடியாது, பிரசவ விடுப்புக்கான சம்பளமும் கிடையாது. கணவன் சுமை ஏற்றும் வேலைக்காரன், வேலை இருந்தால் உண்டு. மாமியார் வீட்டோடு ஒட்டு இல்லை. இதெல்லாம் மேனேஜர் அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் வரிசையாக எனக்கு நினைவுக்கு வந்தது. குறி பொய் சொல்லாது, நான் என்ன செய்ய முடியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள், அட்டவணையில் கோர் செய்த தேதியும் இருந்தால் முழுமையாக இருக்கும் என்று ஒரு நமைச்சல். நேற்றுச் செய்த கோர்தான் இன்று அச்சுக்குள் போகும்; ரொம்ப நாள் வைத்தால் ஈரம் இழுத்துக்கொள்ளும். செவ்வாய் ஊற்றியது என்றால் திங்கள் செய்தது. சரிபார்க்க வருகைப் பதிவேட்டை வாங்கிப் புரட்டினேன். திங்கட்கிழமை கோபிக்காரி மத்தியானத்தோடு அரைநாள் விடுப்பு. மாதப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி போயிருக்கிறாள். ஆனால் அன்று அவள் பெயரில் இருபது கோர் முழுதாக ஏறியிருக்கிறது. அரைநாளில், அந்த வயிற்றை வைத்துக்கொண்டு, இருபது!

ஓடிப்போய் செவ்வாய்க்கிழமைக் குவியலில் ஒழுகாத ஹெட்டுகளை டார்ச் அடித்துப் பார்த்தேன். அவற்றிலும் இரட்டைப் புள்ளி இருந்தது, எட்டு ஹெட்டுகளில். எட்டும் கல் மாதிரி நன்றாக இருந்தன. அந்த எட்டும்தான் அவள் காலையில் செய்தவை. பன்னிரண்டை வேறு யாரோ மத்தியானத்துக்கு மேல் செய்து அவள் குறியைப் போட்டிருக்கிறார்கள். ஒழுகாத ஹெட்டுகளை நான் முதல் நாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குற்றம் தேடப் போனவளுக்குக் குற்றம் கிடைத்ததும் வயிறு நிறைந்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் கோர் கொட்டகைக்குப் போனேன். தூக்குப்போசிகளைத் திறந்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். கோபிக்காரி சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கப் பார்த்தாள். நான் கேட்க வாய் திறப்பதற்குள் அக்கா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, "வாங்க அம்மணி, குழாய்கிட்டப் போலாம்" என்று கூட்டிப்போனார்.

"அந்தப் பன்னண்டும் நாந்தானுங்க அடிச்சேன்" என்றார், குழாயடிக்கு வந்ததும். நான் கேட்காமலே மீதியையும் அவரே சொன்னார். "அவளுக்குப் பெட்டியத் தூக்கிக் கவுக்க முடியறதில்லீங்க. ரெண்டு மாசமா ஆளுக்கு ரெண்டு மூணு அவ குறியப் போட்டு வெச்சுருவோம். அன்னைக்குன்னு பாத்து ரெண்டு பேரு ஊர்ல கோயில் நோம்பின்னு வரல. இவளும் அரைநாள்ல போயிட்டா. என்னோடதப் பாதில நிறுத்திப்போட்டு நானே மிச்சத்த அடிச்சுப்போட்டேன். கடைசித் தட்டு ஓவன்ல இன்னொரு மணி நேரம் இருந்திருக்கோணும். அஞ்சரை வண்டிய உட்டா ஏழு மணிக்குத்தானுங்க அடுத்தது. பொட்டப்புள்ள ஊட்ல தனியா இருக்கும். மிச்சச் சூட்டுலயே வெந்துரும்னு நெனச்சு எடுத்துப்போட்டேன்."

"இப்ப என்னங்கக்கா பண்றது?" என்றேன். கேட்ட எனக்கே என் குரல் கேவலமாக இருந்தது.

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. குறியப் பாத்து எழுதறது உங்க வேலை. பாத்தீங்க, எழுதிப்போட்டீங்க. இனி நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு, குழாயை மூடி, சாப்பிடப் போய்விட்டார்.

நான் ஒரு தாளை எடுத்து, 'என் அறிக்கை தவறு' என்று எழுதிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போயிருக்க வேண்டும். பத்து அடி தூரம்தான். போகவில்லை. குறி மாற்றிப் போடுவது அந்த ஃபவுண்டரியில் பெரிய குற்றம். சொன்னால் ஆறு பேரும் மாட்டிக்கொள்வார்கள் என்று ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். அது பாதி நியாயம். மீதிப் பாதி, என் முதல் நல்ல பெயர் ஒரே நாளில் போய்விடுமே என்பது. 'பொம்பளைய வெச்சா இப்படித்தான், அரைவேக்காடா எழுதிக் குடுக்கும்' என்று அவர் சொல்லும் குரல்கூடக் காதில் கேட்டது. அன்று சாயங்காலம்வரை நான் சும்மாவே கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை மேனேஜர் கோபிக்காரியைக் கூப்பிட்டார். என்னையும் அறிக்கையோடு வரச் சொன்னார். அவர் கேட்டதும் அவள், நான் செய்யவில்லை என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். ஒரு வார்த்தை போதும். ஆஸ்பத்திரிச் சீட்டே சாட்சி. அவள் முந்தானையை இழுத்து வயிற்றைப் போர்த்திக்கொண்டு, "தப்பாயிப்போச்சுங்க சார்" என்றாள். தனக்காகக் கோர் அடித்தவர்களைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. வேலையையும் பிரசவத்தையும் ஒருசேர விட்டுக்கொடுத்துவிட்டு நின்றாள். நான் என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் தட்டாமல் அக்கா உள்ளே வந்தார். முழங்கை வரைக்கும் எண்ணெய் மணல். "அவ அடிக்கலீங்க சார். நாந்தான் அடிச்சேன். அவ குறிய நாந்தான் போட்டேன்" என்றார். மற்ற நான்கு பேரைப் பற்றி மூச்சு விடவில்லை. ரெண்டு மாதத்தையும் சேர்த்துத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார்.

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்பறம் குறின்னு ஒண்ணு என்னத்துக்கும்மா வெச்சிருக்குது? நாளைக்கு எஞ்சின் வெடிச்சா நான் யாரைப் போயிக் கேக்கறது?" என்று கத்தினார். கேள்வி நியாயம்தான். கத்திக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "உனக்கு இது தெரியுமா?"

அந்த ஒரு நொடியில் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் மட்டும் 'நேத்தே சொன்னேனுங்களே' என்று சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே வேலை போய் அப்பாவின் முன்னால் நின்றிருப்பேன். அவர் சொன்னது வேறு. "அந்தம்மணிக்கு என்னங்க தெரியும், பாவம். டார்ச் அடிச்சா குறிதானுங்க தெரியும். கை தெரியுமுங்களா?"

நான் வாயைத் திறக்கவில்லை. இதை எத்தனை முறை நினைத்தாலும் இந்த இடத்தில் நான் பேசியதாக மாற்றி நினைத்துக்கொள்ள முடியவில்லை.

மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. கொஞ்ச நேரம் விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, கோபிக்காரியை வேலையில் வைத்துக்கொண்டார். பிரசவம் வரைக்கும் உட்கார்ந்தபடி கோருக்குக் கறுப்பு மை பூசும் வேலையைக் கொடுத்தார். முதலிலேயே யாராவது கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரோ என்னவோ. கேட்கலாம் என்றே அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அக்காவைக் கோர் கொட்டகையிலிருந்து எடுத்துவிட்டார். பெட்லிங் கொட்டகைக்கு மாற்றினார். வார்ப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிசிறை உளியாலும் கிரைண்டராலும் தட்டி எடுக்கும் இடம் அது. இரும்புத் தூசியும் சத்தமும் சேர்ந்து ஆளைத் தின்னும். ஆம்பிளைகளே மாற்றல் கேட்கும் வேலை. அந்தப் பிறைக் குறி அதற்குப் பிறகு எந்த ஹெட்டிலும் வரவில்லை. எனக்கு வருடக் கடைசியில் நிரந்தரமானது.

அக்காவைப் பார்த்து மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று மாதம் ஆனது. பெட்லிங் கொட்டகையில் கிரைண்டர் சத்தத்துக்கு நடுவில், காது கேட்காமல் இரண்டு முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் முகத்தில் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டு, "உடுங்க அம்மணி. அவளுக்குப் பொட்டப்புள்ள பொறந்திருக்குது, தெரியுமுங்களா? மூக்கு அவளுக்கு மாதிரியே" என்றார். பிறகு துணியை ஏற்றிக்கொண்டார். கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து நான் வேலை பார்க்கும் விதம் மாறியது என்பதைச் சொல்ல வேண்டும். ஒழுகினால் முதலில் ஓவனைப் பார்ப்பேன், மணலைப் பார்ப்பேன், அன்று யார் யார் வரவில்லை என்று பார்ப்பேன். ஒழுகாததையும் எடுத்துப் பார்ப்பேன். குறியைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். பின்னால் பெரிய கம்பெனிகளுக்குப் போனபோது இதைப் பெரிய ஆராய்ச்சி என்று சொல்லி என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நான் அங்கெல்லாம் அக்காவின் பெயரைச் சொன்னதில்லை.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணமாகி, நானும் ஏழாம் மாதத்தில் அதே ஆய்வு மேசைக்கு முன்னால் நின்றேன். ஒவ்வொரு ஹெட்டாகக் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் முதுகு விண் விண்ணென்று தெறிக்கும். மேனேஜர் வாரத்துக்கு ஒருமுறை, "ஊட்ல ரெஸ்ட் எடுங்கம்மா, வேலையப் பொறகு பாத்துக்கலாம்" என்று அன்பாகத்தான் சொன்னார். ஆனால் ஒரு பையன் டிப்ளமோ சான்றிதழோடு இரண்டு முறை அவர் அறைக்கு வந்து போனதை நான் பார்த்திருந்தேன். ஒரு நாள் தவறினாலும் அந்த நாற்காலி எனக்கு இல்லை என்று தெரியும். ஆகவே தவறவில்லை.

அன்று மாதப் பரிசோதனை. காலையில் போய்விட்டு மத்தியானம் வந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் கூட்டம், ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று படுக்கவைத்து மறுபடி மறுபடி பார்த்தார்கள். நான் பஸ் பிடித்து ஃபவுண்டரிக்குள் நுழையும்போது நான்கு மணி. ஐந்து மணிக்கு லாரி. நாற்பது ஹெட்டுகள் பார்த்து முடித்திருக்க வேண்டும், ஒன்றுகூடப் பார்க்கவில்லை. இன்றோடு முடிந்தது என்றுதான் ஆய்வு மேசைக்கு வந்தேன்.

நாற்பதும் மேசைமேல் வரிசையாக இருந்தன. பக்கவாட்டு ஓட்டை எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி திருப்பி, உள்ளே மணல் ஒரு துளி இல்லாமல் சுரண்டித் துடைத்து வைத்திருந்தது. மூன்றை மட்டும் தனியாக ஒதுக்கிச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டிருந்தது. பக்கத்தில் அக்கா நின்றிருந்தார், முகத்துத் துணி கழுத்தில் தொங்க. தலைமுடியெல்லாம் இரும்புத் தூசி.

நான் முதல் வரிசையை டார்ச் அடித்துப் பார்த்தேன். குறை இல்லை. வட்டம் போட்ட மூன்றையும் தொட்டியில் முக்கச் சொன்னேன். மூன்றிலும் குமிழி வந்தது. தொட்டியில் முக்குவதற்கு முன்பே, சுவரைக் கண்ணால் பார்த்தே அவர் கண்டுபிடித்திருக்கிறார். தொட்டி ஆள் ஒன்றும் தெரியாதவர் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாருங்கக்கா இதெல்லாம் பாத்தது?" என்றேன்.

"நீங்கதானுங்க அம்மணி பாத்தீங்க" என்றார் அக்கா. "காலையில இருந்து நின்னுட்டே பாத்தீங்க. உக்காருங்க, காலு வீங்கியிருக்குது பாருங்க."

அக்கா ஸ்டூலைக் காலால் தள்ளி என் பக்கம் வைத்தார், பதிவேட்டையும் நகர்த்தி வைத்தார். 'பார்த்தவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது. நான் பேனாவைத் திறந்து என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லாரி ஐந்து மணிக்குப் புறப்பட்டது.

என் வேலை எனக்கு நிலைத்தது. மகன் பிறந்தான். அந்த வேலையிலிருந்து அடுத்த வேலை, அதிலிருந்து அடுத்தது என்று வந்ததெல்லாம் அந்த ஒரு சாயங்காலத்தின் மேல் நின்றதுதான். அக்கா இன்று இல்லை. அந்த மேனேஜர் அறையில் அன்று நான் சொல்லாமல் விட்டதை இனி யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது. ஆனால் இதை மட்டும் சொல்லிவிடலாம். அன்றைய பதிவேட்டில் இருக்கும் கையெழுத்து என்னுடையது. அந்த நாற்பது ஹெட்டுகளையும் பார்த்தது நான் இல்லை, அக்கா.